"நாய்க்கு மயக்க மாத்திரை கொடுங்கள்" என்ற வரியை எடுத்துவிடுங்கள்: டர்பன் வட்டாரக் கோயில் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோயில் நிர்வாகக் குழுவினர், தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், ஐசிபிங்கோ பக்கத்து வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரே மாதிரியான அறிவிப்பு சுற்றும்: "வளர்ப்புப் பிராணிகளை வீட்டுக்குள் வையுங்கள், தேவைப்பட்டால் மயக்க மாத்திரை கொடுங்கள்." நல்லெண்ணத்தில் போடுகிற வரிதான். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றைப் போடச் சொல்லிக் கேட்கவே இந்த மடல். உங்கள் பகுதியில் பட்டாசு எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும் என்று போடுங்கள். ஒரு விலங்கு மருத்துவருக்கு உங்களிடமிருந்து வேண்டியது அந்த இரண்டு எண்கள்தான்.

பட்டாசு வெடிக்கலாமா கூடாதா என்கிற வழக்கு வேறு. அதை இங்கே இழுக்கவில்லை. தீபாவளிக்கு மட்டும் நம்மை நோக்கி விரல் நீட்டுகிறவர்கள் நவம்பர் 5, ஆங்கிலேயர் வழக்கமாக வந்த கை ஃபாக்ஸ் பட்டாசு இரவையும் டிசம்பர் 31 நள்ளிரவையும் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். நாங்கள் பேச வந்தது மருந்தைப் பற்றி. மூளையில் வேலை செய்கிற மருந்து ஒரு விலங்கின் நடத்தையில் எதை மாற்றுகிறது, எதைத் தொடாமல் விட்டுவிடுகிறது என்பது தெரியாமல் கொடுக்கிற மாத்திரையால் வருகிற கேடுதான் எங்கள் கவலை.

வீட்டு அலமாரியில் போன வருடத்து மிச்சமாகக் கிடப்பது பெரும்பாலும் ஏசிபி, அதாவது அசிப்ரோமசின். பினோதயசின் குடும்பத்து மருந்து. மூளையில் டோபமின் என்ற செய்திப்பொருள் வந்து ஒட்டும் ஏற்பிகளை அடைப்பது இதன் முதல் வேலை. ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் ஆல்ஃபா-1 ஏற்பிகளையும் சேர்த்து அடைத்துவிடும். அதனால் அசைய வேண்டும் என்ற உந்துதல் போகும், ரத்த அழுத்தம் இறங்கும். வலியைக் குறைக்காது. காதை அடைக்காது. பயத்தை எடுக்கும் என்று நம்புவதற்கும் ஆதாரம் போதாது.

இந்த மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும் நாயின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தலை தரையில் கிடக்கும். மூன்றாம் இமை கண்ணில் பாதிக்கு ஏறியிருக்கும். வீட்டார் "நிம்மதியாத் தூங்குது" என்பார்கள். தெருமுனையில் ஒரு ராக்கெட் வெடிக்கட்டும். காது பின்னால் ஒட்டிக்கொள்ளும், தோள்பட்டைத் தோல் துடிக்கும், மூச்சு இரைக்கும், உள்ளங்கால் வியர்த்து டைல்ஸில் ஈரத்தடம் விழும். எழுந்து ஓட மட்டும் வராது. வாயைக் கட்டிவிட்டு அழுகை நின்றுவிட்டது என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. சில நாய்கள் இந்த மருந்தில் சத்தத்துக்கு முன்னைவிட அதிகமாகவே துள்ளும். அடுத்த வருடம் அதே நாய் முதல் வெடிக்கே நடுங்கினால், போன வருடம் அது "தூங்கிய" இரவில் என்ன கற்றுக்கொண்டது என்று யோசிக்க வேண்டும்.

இந்த மருந்துக் குடும்பத்தில் மூத்தது குளோர்ப்ரோமசின். 1950இல் பிரான்சில் உருவானது. அதைச் சோதித்தவர்கள் எலிக்கு மணியடித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துக் காலில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். எலி சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்: மணி கேட்டதுமே கயிற்றில் ஏறித் தப்பிவிடும். மருந்து கொடுத்த பிறகு மணிக்கு ஏறவில்லை. அதிர்ச்சி பட்டதும் ஏறியது. ஆக, ஏறுகிற வலு உடம்பில் இருந்தது, வலியும் தெரிந்தது. எச்சரிக்கைக்கு அசையும் முனைப்பு மட்டும் போயிருந்தது. மனநோய்க்கான புதிய மருந்துகளை எலியிடம் சோதிக்கும்போது இன்றும் இதே அடையாளத்தைத்தான் தேடுகிறார்கள். ஏசிபி கொடுத்த நாய்க்கும் நடப்பது இதுதான்.

நம் குவாசூலு-நடால் மாகாணத்து வனவிலங்குப் பிடிப்புக்காரர்கள் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள். 1960களில் ஹ்லுஹ்லுவே, உம்ஃபோலோசி காடுகளிலிருந்து வெள்ளைக் காண்டாமிருகங்களைப் பிடித்து வேறிடங்களுக்கு அனுப்பியபோது எம்99 என்ற எட்டார்ஃபின் அவர்கள் கைக்கு வந்தது. மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலுவான மருந்து. சில மில்லிகிராமில் காண்டாமிருகம் சாயும். அப்படிச் சாய்ந்த விலங்குக்கும் கண்ணைத் துணியால் கட்டுகிறார்கள், காதில் துணிச்சுருளை அடைக்கிறார்கள். மருந்து உடம்பைப் படுக்கவைத்தாலும் காது வழியாக உலகம் உள்ளே போய்க்கொண்டிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மான் வகைகளை லாரியில் ஏற்றி இடம் மாற்றும்போது நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துகளைப் போடுவதும் இந்த நாட்டில் தேர்ந்த கலை: ஓர் இரவுக்கு ஹாலோபெரிடால், மூன்று நான்கு நாளுக்கு சுக்ளோபென்திக்சால் அசிடேட், ஒரு வாரத்துக்கும் மேலாக பெர்ஃபெனசின் எனந்தேட். அவற்றைப் போட்ட பிறகும் விலங்கை நான்கு பக்கமும் மறைத்த அடைப்பில்தான், சத்தமில்லாமல், வைக்கிறார்கள். காட்டு விலங்குக்கே மருந்தோடு இருட்டும் அமைதியும் சேர்த்துக் கொடுக்கிறபோது, வீட்டு நாய்க்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து முற்றத்தில் சங்கிலியில் கட்டிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புவது எந்த வகையிலும் சரியில்லை.

ஏசிபியில் உடம்புக்கு வரும் ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். ரத்த அழுத்தம் இறங்குவதால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய் சரிந்து விழலாம். நம் பக்கத்தில் உண்ணிக் கடியால் வருகிற பிலியரி காய்ச்சல் சாதாரணம், அதிலிருந்து இப்போதுதான் தேறிவரும் நாய்க்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாது. பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும், மருந்து மூளைக்குள் போவதைத் தடுக்கும் மரபணு பழுதான கோலி வகைகளுக்கும் சின்ன அளவே பெரிய மயக்கம் தரும். உடல் வெப்பத்தைச் சமன்செய்யும் திறனையும் இது குலைக்கிறது; டர்பனின் புழுக்கத்தில், கதவடைத்த கராஜுக்குள் கிடக்கும் நாய்க்குச் சூடேறினால் ஆற்றிக்கொள்வது கடினம். இதற்கு மாற்று மருந்தும் கிடையாது. ஏறியது தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அடிக்கடி நடக்கிற விபத்து ஒன்று உண்டு. நாய் ஏழு மணிக்கு வெறிபிடித்தாற்போல் ஓட ஆரம்பித்த பிறகுதான் மாத்திரை ஞாபகம் வரும். பயத்தில் ஏற்கெனவே ரத்தத்தில் அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும். மாத்திரை வயிற்றிலிருந்து ஏறவே முக்கால் மணியோ ஒரு மணியோ ஆகும். எட்டு மணிக்கு "ஒண்ணும் கேக்கல" என்று இன்னொன்று கொடுப்பார்கள். பத்து மணிக்கு இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். பட்டாசு ஓய்ந்திருக்கும். நாய் மறுநாள் மதியம்வரை எழாது.

அலமாரியில் கிடக்கும் இன்னொரு வகை மனிதருக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை: டயசெபாம், அல்பிரசோலாம் போன்ற பென்சோடயசெபின்கள். இவை உண்மையிலேயே பயத்தைக் குறைப்பவை. அந்த வகையில் ஏசிபியைவிட மேல். சத்தத்துக்குப் பயப்படும் நாய்க்கு அல்பிரசோலாமை மருத்துவர்கள் எழுதுவதும் உண்டு. ஆனால் பயத்தைக் குறைப்பதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. 1960 வாக்கில் செய்த ஒரு சோதனையில் பசித்த எலி நெம்புகோலை அழுத்தினால் தீனி வரும், சில வேளை கூடவே மின்னதிர்ச்சியும் வரும். மருந்தில்லாத எலி பயந்து அழுத்துவதை நிறுத்திவிடும். இந்த வகை மருந்து கொடுத்த எலி அதிர்ச்சியைப் பொருட்படுத்தாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். அதாவது, பயம் பிடித்துவைத்திருந்த செயல் கட்டவிழ்ந்து வெளியே வரும்.

காவலுக்கு வளர்க்கும் போர்போல் நாயை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாய் விருந்தாளியைக் கடிக்காமல் இருப்பதற்கு ஓரளவு அன்பு காரணம், ஓரளவு அச்சமும் காரணம். தீபாவளியன்று வீடு முழுக்க உறவினர் பிள்ளைகள், கையில் பலகாரத் தட்டு. இந்த மருந்து அதிகப் பசியையும் தரும். சில நாய்களுக்கு மயக்கத்துக்குப் பதில் நிலைகொள்ளாத துள்ளல் வரும். ஒருநாளும் உறுமாத நாய் அன்றைக்குக் குழந்தையின் கையைக் கவ்வினால் மாத்திரையைத்தான் முதலில் கேட்க வேண்டும். மனிதருக்குப் பல மணி நேரம் நிற்கும் டயசெபாம் நாயின் உடம்பில் சில மணியிலேயே கரைந்துவிடுவதால் நடு இரவில் காப்பும் போய்விடும். பூனைக்கோ வாய்வழி டயசெபாம் கொடுக்கவே கூடாது. அது பூனையின் ஈரலைச் சில நாளில் அழித்துச் சாகடித்த நிகழ்வுகள் 1990களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பென்சோடயசெபின்கள் இந்த நாட்டில் 5ஆம் அட்டவணை மருந்துகள் என்பதையும், அம்மாவின் பெயரில் எழுதியதை நாய்க்குக் கொடுப்பது சட்டத்துக்கும் ஒவ்வாது என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறோம்.

"மனுசனுக்கு ஒண்ணுன்னா நாய்க்குக் கால்" என்கிற கணக்கு எவ்வளவு தூரம் பிசகும் என்பதற்கு ஒரு யானையின் கதை சாட்சி. 1962 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகர விலங்குக் காட்சிசாலையில் டஸ்கோ என்ற ஆண் யானைக்கு 297 மில்லிகிராம் எல்எஸ்டி என்ற போதைப்பொருளை ஊசியாகப் போட்டார்கள். சின்ன விலங்குகள் தாங்கிய அளவை எடைக்கு எடை பெருக்கி வந்த எண் அது. ஐந்து நிமிடத்தில் யானை விழுந்து வலிப்பில் துடித்தது. அதை அடக்கப் போட்ட மருந்துகளில் புரோமசினும் ஒன்று. ஏசிபியின் நெருங்கிய சொந்தம். இரண்டு மணி நேரத்துக்குள் யானை செத்துப்போனது. எல்எஸ்டி கொன்றதா, பின்னால் போட்ட மருந்துகள் கொன்றனவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எடையை மட்டும் வைத்துப் பெருக்கக் கூடாது என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை.

நாய்க்கும் அதே விதி. சத்தப் பயத்துக்கென்றே வந்த டெக்ஸ்மெடெடோமிடின் ஜெல்லின் அளவு கிலோவுக்கு இவ்வளவு என்று இருக்காது. உடலின் மேற்பரப்புச் சதுர மீட்டருக்கு 125 மைக்ரோகிராம் என்றிருக்கும். 5 கிலோ நாய்க்கு மேற்பரப்பு ஏறக்குறைய 0.3 சதுர மீட்டர், 40 கிலோ நாய்க்கு 1.2. எடை எட்டு மடங்கு. மருந்து நான்கே மடங்கு. இதனால்தான் வாய்வழி மாத்திரைகளின் அளவு எதையும் இந்த மடலில் எழுதவில்லை. எழுதினால் அந்த எண் மட்டும் தனியே பிரிந்து ஊர் சுற்றும்.

அந்த ஜெல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கையாள்வதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். 2015இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. மூளையின் நோரட்ரினலின் ஓட்டத்தை, அதாவது பயத்தின் மூலத்தையே, தணிக்கும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தடவ வேண்டும். ஈரச் சவ்வு வழியாகத்தான் உடம்புக்குள் ஏறும். விழுங்கிவிட்டால் ஈரல் அதை வடிகட்டிவிடும், பலன் இருக்காது. அதனால் பிஸ்கட்டில் தடவிக் கொடுப்பது வீண். தடவிய பிறகும் கால் மணி நேரம் தீனியோ மிட்டாயோ கூடாது. தடவுகிறவர் நீர்புகாத கையுறை போட வேண்டும், மருந்து மனிதத் தோல் வழியாகவும் ஏறும்; கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஊசிக்குழாயின் வளையத்தைத் திருகி அளவைப் பூட்டாமல் அழுத்தினால் முழுக் குழாயும் வாய்க்குள் போய்விடும். இது நடந்திருக்கிறது, நாய்கள் மணிக்கணக்கில் எழாமல் கிடந்திருக்கின்றன. பட்டாசுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு தடவினால் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். சத்தம் தொடர்ந்தால் இரண்டு மணி இடைவெளி விட்டு இன்னொரு முறை தடவலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். டிராசோடோன், கபபென்டின் இரண்டும் மனிதருக்கான மருந்துகள். மருத்துவர் கணக்குப் பார்த்து நாய்க்கு எழுதுவார். ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். கபபென்டினை மனிதருக்கான திரவ மருந்தாக வாங்கிவிடாதீர்கள்: அதில் இனிப்புக்குச் சைலிடால் சேர்ப்பது உண்டு, நாய்க்குக் கிலோவுக்கு 0.1 கிராம் சைலிடாலே ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். வலிப்புக்கான இமெபிடோயினைச் சத்தப் பயத்துக்கும் கொடுக்க ஐரோப்பாவில் 2018இல் அனுமதித்தார்கள்; பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டிய மருந்து. ஃபுளுவோக்செட்டின், குளோமிப்ரமின் போன்றவை வருடம் முழுக்கப் பயந்து வாழும் நாய்க்கானவை. பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகும், முதல் சில நாளில் சில நாய்களுக்குப் பதற்றம் கூடவும் செய்யும். தீபாவளிக்கு முந்தின வாரம் தொடங்குவதில் அர்த்தமே இல்லை.

இங்கே நம் ஊருக்கே உரிய கண்ணி ஒன்று இருக்கிறது: உண்ணிக்குப் பூசும் அமிட்ராஸ். மாட்டுக்கு வாங்கியதை நீரில் கலக்கி நாயையும் முக்கி எடுக்கும் வழக்கம் பண்ணைப் பக்கத்தில் உண்டு. அமிட்ராஸ் வெறும் உண்ணிக்கொல்லி அல்ல. மூளையில் செரோடோனினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும், தானே மயக்கமும் தரும். அதன் மேல் டிராசோடோனோ ஃபுளுவோக்செட்டினோ குளோமிப்ரமினோ சேர்ந்தால் செரோடோனின் எல்லை மீறி உடல் நடுங்கும், காய்ச்சல் கொதிக்கும், வலிப்பும் வரலாம். டெக்ஸ்மெடெடோமிடின் சேர்ந்தால் இதயத் துடிப்பு மிகவும் தாழும். மருத்துவர் "வேற என்ன மருந்து கொடுக்கிறீங்க?" என்று கேட்கும்போது உண்ணி மருந்தை யாரும் சொல்வதில்லை, அது மருந்துக் கணக்கில் வராது என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.

இனி டாஹா, அதாவது கஞ்சா. 2018 செப்டம்பர் 18 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் வயது வந்தவர் வீட்டுக்குள் கஞ்சா வைத்துக்கொள்வது குற்றமல்ல என்றது. 2024இல் அதற்கான சட்டமும் கையெழுத்தானது. செடி வீட்டுக்கு வந்தது, நாயும் அதே வீட்டில்தான் இருக்கிறது. "கொஞ்சம் புகைய விட்டா அமைதியாயிடும்" என்கிற யோசனை பண்டிகை நேரத்தில் எப்படியோ முளைக்கிறது. நாயின் சிறுமூளையில் கஞ்சாவின் சரக்கு ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. அதனால் நாய் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடும், கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, தூங்கி விழுந்து திடுக்கிட்டு நிமிரும், சிறுநீர் சொட்டும். முக்கியமாக, கையை முகத்துக்கு நேரே கொண்டுபோனால்கூடப் பின்னால் துள்ளும். சத்தத்துக்கும் அப்படித்தான். பட்டாசு இரவில் நாய்க்கு வரக்கூடிய நிலைகளில் மிக மோசமானது இதுவாகத்தான் இருக்கும்.

கஞ்சாவைத் தின்றால், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் தொடங்கி ஒரு நாள் ஒன்றரை நாள் நீடிக்கும். மூன்று நாள் இழுத்ததும் உண்டு. கஞ்சாவை வெண்ணெயில் காய்ச்சிச் செய்த சாக்லேட் பிஸ்கட்டாக இருந்தால் சாக்லேட்டின் தியோப்ரோமின் வேறு இதயத்தை ஓட்டும். தள்ளாடும் நாயை வாந்தியெடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் காவல்துறை இல்லை. மனிதச் சிறுநீரைச் சோதிக்கும் பட்டை நாயிடம் பல வேளை "இல்லை" என்றே காட்டும் என்பதால், நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். போதை தராத சிபிடி எண்ணெய் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பட்டாசுச் சத்தத்தைக் கேட்கவைத்த நாய்களிடம் சிபிடி தெளிவான பலன் எதையும் காட்டவில்லை.

பிராந்தி ஊற்றும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. சாராயம் நாயின் ரத்தச் சர்க்கரையையும் உடல் வெப்பத்தையும் இறக்கும். அமைதி என்று தெரிவது பெரும்பாலும் அந்தச் சரிவுதான். இங்கே மரூலாப் பழம் தின்று யானை போதையில் ஆடும் என்று சுற்றுலாக்காரர்களுக்குக் கதை சொல்வார்கள். அவ்வளவு பெரிய உடம்புக்குப் புளித்த பழம் எத்தனை வேண்டும் என்று 2006இல் கணக்குப் போட்டவர்கள் அது நடக்காது என்றார்கள். யானைக்குச் சாராயத்தைச் சிதைக்கும் நொதி ஒன்றின் மரபணு பழுது, அந்தக் கணக்கு சரியல்ல என்று 2020இல் இன்னொரு குழு மறுத்தது. எது எப்படியோ, ஓர் உயிரின் உடம்பு ஒரு பொருளை எப்படிக் கரைக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதற்கு இந்தச் சண்டையே போதும். சளி மருந்துச் சிரப்பு கொடுப்பவர்களும் உண்டு. பல சிரப்புகளில் பனாடோவில் இருக்கும் அதே பாரசிட்டமால் இருக்கிறது. பூனைக்கு அது நஞ்சு.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தாகவே இருந்தாலும் பண்டிகையன்று முதல்முறையாகக் கொடுக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் முன்பு, சத்தமில்லாத ஒரு நாளில், யாராவது வீட்டிலேயே இருக்கும்போது ஒத்திகை பாருங்கள். எடை தெரியாவிட்டால் குளியலறைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தூக்காமல் ஒருமுறை நின்று கழித்துக்கொள்ளலாம். போன வருடத்து எடையைச் சொல்லாதீர்கள். கொடுத்த நேரம், தள்ளாடத் தொடங்கிய நேரம், தீனி கேட்ட நேரம், பழைய நிலைக்கு வந்த நேரம், இந்த நான்கையும் எழுதிவைத்து, நடுவில் ஒரு நிமிடம் கைபேசியில் படமெடுங்கள். ஈறு வெளுத்தாலோ, கூப்பிட்டால் தலை தூக்காவிட்டாலோ, ஆசனவாயில் வெப்பம் 37 டிகிரிக்குக் கீழே போனாலோ உடனே மருத்துவமனை. நாய்க்கு 38க்கு மேல் இருப்பதுதான் இயல்பு. மாத்திரையை ரொட்டித் துண்டில் பொதிந்து தட்டில் வைத்துவிட்டு நகராதீர்கள். நம் ஊரில் ஜன்னல் வழியாக வெர்வெட் குரங்கு வந்து எடுத்துப்போக ஒரு நிமிடம் போதும். அதன் எடை நான்கைந்து கிலோதான், மருந்தோ உங்கள் 40 கிலோ நாய்க்கானது.

இப்போது உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறோம். மேலே சொன்ன மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் ஏறும் நேரம் ஒன்று, நிற்கும் நேரம் ஒன்று. பட்டாசு ஏழு மணிக்குத் தொடங்கும் என்று தெரிந்தால் டிராசோடோன் என்றால் ஐந்தரைக்கு, ஜெல் என்றால் ஆறேகாலுக்குக் கொடுக்கச் சொல்லலாம். ஒன்பதுக்கு முடியும் என்று தெரிந்தால் ஒரு வேளை மருந்தே போதும், அடுத்த வேளைக்கான ஆபத்து இல்லை. ஆனால் இப்போது நடப்பது என்ன? விடியற்காலை எண்ணெய் முழுக்கு முடிந்ததும் சிலர், அந்திக்கு முன்பே பிள்ளைகள், இரவு பதினொரு மணிக்குக் கடைசி விருந்தாளி போகும்போது இன்னும் சிலர். தமிழர் தீபாவளியும் இந்தி பேசும் குடும்பங்களின் தீபாவளியும் வெவ்வேறு நாளில் வந்தால் மறுநாளும் அதே கதை. சில ஆண்டுகளில் அந்த வாரமே கை ஃபாக்ஸும் வந்து சேரும். விடியற்காலை நான்கு மணி வெடிக்கு மருந்து கொடுக்க இரண்டரைக்கு யார் எழுந்திருப்பது? இப்படிச் சிதறிய சத்தத்துக்கு ஈடுகொடுக்கும் மருந்து உலகத்தில் கிடையாது. ஒரு நாயை மூன்று நாள் தொடர்ந்து மயக்கத்தில் வைக்க எந்த மருத்துவரும் ஒப்பமாட்டார்.

2020இல் ஃபின்லாந்தில் 13,700 நாய்களைக் கணக்கெடுத்தபோது 32 விழுக்காடு நாய்களிடம் சத்தப் பயம் தெரிந்தது. நம் தெருக்களில் விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கட்டும். மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. 1962ஆம் ஆண்டின் 71ஆம் எண் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்கை அடிப்பதோடு, கொடுமையாக அச்சுறுத்துவதையும் குற்றமென்று சொல்கிறது. வழக்கு, போலீஸ் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. குழு அறிவித்த நேரத்துக்குள் நடந்தது கொண்டாட்டம், வெளியே நடந்தது தனிநபர் சேட்டை என்று நீங்களே கோடு கிழித்துக்கொள்ள இது உதவும்.

எனவே, மாநகராட்சி அனுமதிக்கும் நேரத்துக்குள் இரண்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அக்டோபர் கடைசியில் டர்பனில் சூரியன் மறைய ஆறேகால் ஆகிவிடும். ஏழு முதல் ஒன்பது என்பது வாணவேடிக்கைக்கும் பொருந்தும். முடிந்தால் கோயில் மைதானத்திலோ பள்ளித் திடலிலோ ஒரே இடத்தில் வையுங்கள். வண்ணம் காட்டுவதற்கு முதலிடம் கொடுத்து, ஊரை அதிரவைக்கும் வெடிகளைக் குறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அறிவிப்பைப் பண்டிகைக்கு நான்கு வாரம் முன்பே அனுப்புங்கள். ஒத்திகைக்கும் மருத்துவரிடம் நேரம் வாங்குவதற்கும் அவ்வளவு தேவை. ஆங்கிலத்திலும் சூலுவிலும் போகட்டும், பக்கத்துத் தெருவில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் நம்மவர்கள் இல்லை.

வாசகம் இப்படி இருக்கலாம்: "எங்கள் பகுதியில் பட்டாசு இந்த நாளில் மாலை 7 முதல் 9 வரை மட்டும். உங்கள் நாயோ பூனையோ சத்தத்துக்குப் பயந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், ஒத்திகை பாருங்கள். மீதமுள்ள பழைய மாத்திரை, விலங்கு மருத்துவர் எழுதாத மனித மருந்து, சாராயம், டாஹா எதையும் கொடுக்காதீர்கள். மாலை 5க்குள் நாயை நடத்திக் கூட்டிவந்து கேட்டைப் பூட்டுங்கள். சங்கிலியை அவிழ்த்து, ஜன்னலில்லாத அறையிலோ திரைபோட்ட அறையிலோ, தண்ணீரோடும் ஓடும் மின்விசிறியோடும் விடுங்கள். உள்ளேயே ஒருவர் இருங்கள். பூட்டிய கராஜில் விடாதீர்கள்."

அந்த அறிவிப்பின் நகலை உங்கள் வட்டார விலங்கு மருத்துவமனைகளுக்கும் விலங்குவதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவின் கிளைக்கும் அனுப்பிவையுங்கள். அன்றிரவு யார் பணியில் இருப்பது, எத்தனை மணிவரை இருப்பது என்பதை அதைப் பார்த்துத்தான் பட்டியலிடுவார்கள்.

இப்படிக்கு,
குவாசூலு-நடாலில் விலங்கு மருத்துவத்திலும் நாய்ப் பயிற்சியிலும் பணிபுரியும் தமிழர்கள் சிலர்